நாய்க்குட்டி குற்றவாளி அல்ல!

வீட்டுக்குள் ஒண்ணுக்கு போய்விட்டது. அதுதான் குற்றம். தண்டனை? நாடு கடத்தல்!

ஸ்ரீபெரும்புதூர், மண்ணூர், ஒரகடம் வட்டாரத்தில் வாடகை வீட்டுக் குட்டி நாய்களுக்கு இப்படித்தான் தீர்ப்பு எழுதப்படுகிறது. முதல் மாசம் செல்லம். மடியில் தூக்கி வைத்து போட்டோ எடுக்கிறார்கள். இரண்டாவது மாசம் சண்டை. பாய் நனைந்தது, மெத்தை நாறுது, வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். மூன்றாவது மாசம் ஒரு ராத்திரி பைக்கில் பெட்ரோல் டாங்க் மேல் உட்கார வைத்து, பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம் இறக்கி விட்டு வந்து விடுகிறார்கள். நாய் பைக் பின்னாலேயே ஓடி வரும். எவ்வளவு தூரம் ஓடும்?

கொலை, கொள்ளை, விபத்து என்று எழுதுகிற பக்கத்தில் நாய் மூத்திரம் ஒரு சேதியா என்று கேட்கலாம். சேதிதான். பக்கத்து வீட்டுச் சண்டை இதில் ஆரம்பிக்கிறது. "வீட்டைக் காலி பண்ணு" என்பது இதில் வருகிறது. தெருவில் விட்ட நாய் இருட்டில் குறுக்கே பாய்ந்தால், நைட் ஷிப்டு முடிந்து வருகிற பைக்காரர் விழுகிறார். எல்லாவற்றுக்கும் முதல் பாரா, அந்த ஈரப் பாய்தான்.

நம் கட்சி இதுதான். தப்பு நாயின் மேல் இல்லை. நேரம் கொடுக்காமல் நாய் வாங்கின மனுஷன் மேல்தான் தப்பு. நேரம் கொடுக்க முடிந்தால், எந்தக் குட்டியையும் வெளிக்குப் போகப் பழக்கலாம். முடியாதா? வாங்காதீர்கள்!

குட்டிக்கு எவ்வளவு தாங்கும்?

இரண்டு மாசக் குட்டிக்கு மூத்திரத்தை அடக்கத் தெரியாது. அடக்குகிற தசையே அதற்கு இன்னும் வலுப்படவில்லை. ஒரு மோட்டாக் கணக்கு உண்டு. குட்டிக்கு எத்தனை மாசமோ, அதோடு ஒன்று கூட்டுங்கள். அத்தனை மணி நேரம்தான் அதிகபட்சம். இரண்டு மாசக் குட்டி என்றால் மூணு மணி. அதுவும் தூங்கும்போது. விழித்து விளையாடுகிற குட்டிக்கு அதுவும் தாங்காது.

பொமரேனியன், பக் போன்ற சின்ன ஜாதிகளுக்குப் பை சின்னது. பெரிய நாயை விட அடிக்கடி போயாக வேண்டும். பழக நாளும் அதிகம் ஆகும். 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடி வந்ததே ஒரு பக் நாய், ஞாபகம் இருக்கிறதா? அதைப் பார்த்து ஊர் ஊராக பக் கேட்டார்கள். அது பையன் பின்னால் ஓடினதை எல்லாரும் பார்த்தார்கள். நாளைக்கு எத்தனை தடவை வெளியே தூக்கிப் போக வேண்டும் என்பதை விளம்பரம் காட்டவில்லை!

இப்போது நம்ம ஏரியாக் கணக்கைப் பாருங்கள். ஷிப்டு எட்டு மணி நேரம். கம்பெனி பஸ் போக ஒரு மணி, வர ஒரு மணி. ஆச்சு பத்து. ஓ.டி. விழுந்தால் இன்னும் கூட. அத்தனை நேரமும் ஒரு ரூமில், பூட்டின கதவுக்குப் பின்னால் அந்தக் குட்டி. அது எங்கே போகும்? கதவைத் திறந்து கொண்டு போகுமா?

வளர்ந்த நாயைக் கூட ஆறு, எட்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க வைக்கக் கூடாது. மனுஷன் அடக்கினால் என்ன அவஸ்தையோ, அதே அவஸ்தைதான் நாய்க்கும்.

அடித்தால் என்ன ஆகும்?

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் நாற்றம். கோபம் வருது. குட்டியைப் பிடித்து இழுத்து, மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்து, ரெண்டு போடுகிறார்கள். பரம்பரை வைத்தியம் மாதிரி இது நம்ம ஊரில் நடக்கிறது.

நாய்க்கு என்ன புரிகிறது தெரியுமா? மூணு மணி நேரத்துக்கு முன்னால் போனதையும், இப்போது விழுகிற அடியையும் அது சேர்த்துப் பார்க்காது. "எஜமான் உள்ளே வந்தால் அடி விழும்" என்பதுதான் அதன் மண்டையில் ஏறும். கையும் களவுமாகப் பிடித்து அடித்தாலோ வேறு பாடம். "மனுஷன் பார்க்கும்போது போகக் கூடாது." அவ்வளவுதான்! அப்புறம் கட்டிலுக்கு அடியில் போகும், கேஸ் சிலிண்டர் பின்னால் போகும். நீங்கள் வெளியே கூட்டிப் போனால் பயந்து அடக்கிக் கொண்டு நிற்கும். வீட்டுக்குள் வந்ததும் மூலையில் போய் விடும். "திமிரு பார்த்தியா!" என்று மறுபடியும் அடி. அடி அடியாக இந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுப்பது நாம்தான்.

"இல்லை சார், அதுக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு முழிக்குது" என்பார்கள். இந்த முழியைப் பற்றி அமெரிக்காவில் நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர் சோதனை செய்து, 2009-ல் முடிவை வெளியிட்டார். எஜமான் இல்லாத நேரத்தில், தின்னக் கூடாது என்று சொன்ன தின்பண்டத்தைச் சில நாய்கள் தின்றன. சில நாய்கள் தின்னவே இல்லை. வந்த எஜமானிடம் சில சமயம் உண்மையையும், சில சமயம் பொய்யையும் சொன்னார்கள். தப்பு செய்த நாய், செய்யாத நாய் என்ற வித்தியாசம் இல்லை. எஜமான் திட்டினால் நாய் அந்த முழி முழித்தது! ஒரு தப்பும் செய்யாத நாயும் முழித்தது. ஆக, அது குற்ற ஒப்புதல் வாக்குமூலம் இல்லை. பயம்!

சுவரில் ஒரு சார்ட்

கம்பெனியில் மெஷினுக்குப் பக்கத்தில் பராமரிப்பு சார்ட் தொங்குகிறது. எத்தனை மணிக்கு எண்ணெய், யார் கையெழுத்து என்று எல்லாம் இருக்கிறது. வீட்டில் நாய்க்கும் அப்படி ஒரு சார்ட் ஒட்டுங்கள்.

குட்டி கண் விழித்த உடனே வெளியே. சாப்பிட்டு முடித்து அஞ்சு முதல் முப்பது நிமிஷத்துக்குள் வெளியே. விளையாடி முடித்ததும் வெளியே. ராத்திரி படுக்கும் முன்னால் கடைசியாக ஒரு தடவை. இவை கட்டாயம். இதற்கு நடுவில், பகலில் ரெண்டு மணிக்கு ஒரு தடவை. இரண்டு மாசக் குட்டி என்றால் நடு ராத்திரியும் ஒரு தடவை எழுந்திருக்க வேண்டும். கைக்குழந்தை வளர்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை.

தினம் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். பழைய வாசனை அதை அங்கேயே போகச் சொல்லும். நின்று கொண்டு ஏதாவது ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். "போ, போ" என்றால் கூடப் போதும். தினமும் அதே வார்த்தை. போய் முடித்த அந்த நொடியிலேயே தட்டிக் கொடுத்து, அவித்த முட்டையோ கோழியோ ஒரு சின்னத் துண்டு கொடுங்கள். வீட்டுக்கு வந்து கொடுத்தால், வீட்டுக்கு வந்ததற்குக் கூலி என்று நினைத்துக் கொள்ளும். வேலை நடந்த இடத்திலேயே கூலி!

தரையை மோந்து கொண்டு வட்டம் போடுகிறதா, விளையாட்டை விட்டு விட்டு மூலைக்கு நழுவுகிறதா, கதவைப் பார்த்து முனகுகிறதா? உடனே தூக்குங்கள். உள்ளேயே ஆரம்பித்து விட்டால் "ஏய்" என்று கை தட்டி, தூக்கிக் கொண்டு வெளியே ஓடுங்கள். மிச்சத்தை வெளியே போனால் பாராட்டு. முடிந்த பிறகு பார்த்தீர்களா? ஒரு வார்த்தை பேசாமல் துடைத்து விடுங்கள். தீர்ந்தது வழக்கு.

சாப்பாட்டுக்கும் நேரம் வேண்டும். நாள் முழுக்கத் தட்டை வைத்திருந்தால், நாள் முழுக்கப் போகும். வைத்து கால் மணி நேரத்தில் தட்டை எடுத்து விடுங்கள். உள்ளே போகிற நேரம் ஒழுங்கானால், வெளியே வருகிற நேரமும் ஒழுங்காகும். பாலைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றாதீர்கள். நிறைய நாய்களுக்குப் பால் செரிக்காது. வயிறு கலங்கினால் எந்தப் பழக்கமும் நிற்காது.

"தண்ணி வைக்காவிட்டால் மூத்திரம் வராதே" என்று ஒரு யோசனை சிலருக்கு. வேண்டாம்! ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், மே மாச வெயிலில், தண்ணீர் இல்லாமல் பூட்டி வைத்தால் சாவுச் செய்திதான் எழுத வேண்டியிருக்கும்.

மாறி மாறி ஷிப்டு

நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு உள்ள தொல்லை இது. ஒரு வாரம் காலை ஷிப்டு, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்து நைட். எஜமான் கடிகாரம் புரளும்போது நாயின் கடிகாரத்தையும் சேர்த்துப் புரட்டுகிறார்கள். போன வாரம் அஞ்சு மணிக்குச் சாப்பாடு. இந்த வாரம் பத்து மணிக்கு. அதன் வயிறுக்கு என்ன ஷிப்டு என்று எப்படித் தெரியும்?

உங்கள் ஷிப்டு மாறட்டும். நாயின் நேரம் மாறக் கூடாது. ஆள் மாறலாம். புருஷன் காலை ஷிப்டு, பெண்சாதி மதியம் என்றால் பாதிக் கவலை இல்லை. நாலு பேர் சேர்ந்து எடுத்த ரூம் என்றால் இன்னும் சௌகரியம். யாராவது ஒருத்தர் எப்போதும் ரூமில் இருப்பார். சார்ட்டில் பேர் போடுங்கள். போட்டவர் செய்ய வேண்டும். "நீ கூட்டிட்டுப் போனியா", "நான் அவன்னு நினைச்சேன்" என்பதுதான் ஈரப் பாய்க்கு முக்கியக் காரணம்.

ஒத்தையாக இருப்பவர் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்து, மாசம் ஏதாவது கொடுத்து, பகலில் மூணு தடவை திறந்து விடச் சொல்லுங்கள். அதற்கும் வழி இல்லையா? குட்டி நாய் உங்களுக்குச் சரிப்படாது. வருத்தப்படாமல் ஒப்புக் கொள்ளுங்கள்.

இடம் இல்லாத வீட்டில்?

லைன் வீட்டில் தோட்டம் எங்கே இருக்கிறது? மாடியில் ஒரு மூலை, வராந்தாவில் ஒரு மூலை போதும். பழைய பிளாஸ்டிக் தட்டில் மணல் பரப்புங்கள். கோணியும் ஆகும். பேப்பரும் ஆகும். நேற்றைய மாலைப் பேப்பரை விரிக்கலாம். நாங்கள் கோபித்துக் கொள்ள மாட்டோம்!

சும்மா சொல்லவில்லை. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்குவது ஆபத்து. பார்வோ என்ற கிருமி மண்ணில் மாசக் கணக்கில் உயிரோடு கிடக்கும். பிடித்தால் ரத்தமாகப் பேதியாகும், குட்டி பிழைப்பது கஷ்டம். ஆறு, எட்டு வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒரு முறை, மூணு மாசத்தில் வெறிநாய்க்கடி ஊசி. அதுவரை மாடி மூலைதான் அதற்கு வெளியிடம்.

சுத்தம் செய்வதிலும் ஒரு சூட்சுமம். வாசனை மிச்சம் இருந்தால் அதே இடத்துக்குத்தான் மறுபடி வரும். முதலில் துணியால் ஒற்றி எடுங்கள். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காய்ந்ததும் சமையல் சோடா தூவிப் பெருக்குங்கள். அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம். மூத்திர வாசனையும் அதே ஜாதி வாசனைதான். பிளீச்சிங் பவுடரை ஈரத்தின் மேலேயே கொட்டாதீர்கள். மூத்திரத்தில் உள்ள அமோனியாவோடு அது சேர்ந்தால் விஷப் புகை கிளம்பும். பினாயிலை நாய் நக்கினாலும் விஷம்தான். வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலிக் காய்ச்சல் கிருமி நாய் மூத்திரத்திலும் வரலாம்.

இவ்வளவு செய்தால் எத்தனை நாளில் பழகும்? சில குட்டி ஒரு மாசம். சில குட்டி ஆறு மாசம். "ஏழு நாளில் கியாரண்டி" என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள்.

இன்னொரு விஷயம். நன்றாகப் பழகின நாய் திடீரென்று வீட்டுக்குள் போக ஆரம்பித்தால் அது பழக்கக் கோளாறு இல்லை. மூத்திரத் தாரையில் சீழ், கல், சர்க்கரை வியாதி, கிட்னி கோளாறு என்று எதுவாகவும் இருக்கலாம். கிழ நாய்க்கு வயசும் காரணம். கம்பை எடுக்காமல் கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போங்கள். காலைத் தூக்கி சுவருக்குச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பீச்சுகிற ஆண் நாய், எல்லை போடுகிறது. கருத்தடை ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் குறையும்.

50 ரூபாய்ச் சட்டம்!

இதையெல்லாம் செய்யாமல் நாயை ரோட்டில் இறக்கி விடுகிறவருக்குச் சட்டம் என்ன செய்கிறது?

சட்டம் இருக்கிறது. நம்ம ஊர் சம்பந்தம் உள்ள சட்டம். கலாக்ஷேத்ரா ருக்மணி தேவி அருண்டேல் ராஜ்ய சபா உறுப்பினராக இருந்தபோது 1953-ல் தனி நபர் மசோதா கொண்டு வந்தார். சர்க்காரே சட்டம் கொண்டு வரும் என்று பிரதமர் நேரு சொன்னதால் வாபஸ் வாங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் 1960-ம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். பிராணியை அடிப்பது, காரணம் இல்லாமல் கைவிட்டுப் பட்டினி போடுவது, இரண்டும் அதன் 11-வது பிரிவில் குற்றம்.

அபராதம் எவ்வளவு? முதல் தடவை 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய் வரை! மூணு வருஷத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூணு மாசம் வரை ஜெயில், அல்லது இரண்டும். 1960-ல் 50 ரூபாய் பெரிய காசு. இன்றைக்கு? இறக்கி விட்டு வரும் வழியில் பைக்குக்குப் போடுகிற பெட்ரோல் காசு கூட இல்லை!

இன்னொரு பக்கம் பாருங்கள். 2025-ம் ஆண்டு கடைசியில் சென்னை மாநகராட்சி, வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. நாயின் உடம்பில் மைக்ரோ சிப்பும் வைக்கச் சொன்னது. சிப் இருந்தால் ரோட்டில் விட்ட நாய் யாருடையது என்று கண்டுபிடித்து விடலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் மண்ணூர் சென்னை மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. இங்கே ஆலை வந்தது, பைபாஸ் வந்தது, மாடி மேல் மாடியாக வாடகை வீடு வந்தது. நாய்க் கணக்கு மட்டும் வரவில்லை! லைசென்சும் சிப்பும் இந்த வட்டாரத்துக்கும் வர வேண்டும். 50 ரூபாய் அபராதத்தை டெல்லி மாற்ற வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "நாய் இருந்தால் வீடு கிடையாது" என்று ஒரே அடியாகச் சொல்வதால்தான் பலர் ஒளித்து வளர்க்கிறார்கள். ஒளித்து வளர்க்கிற நாயை வெளியே கூட்டிப் போக முடியாது. அப்புறம் அது வீட்டுக்குள்தானே போகும்? அட்வான்சில் ஒரு தொகை கூடப் பேசிக் கொள்ளுங்கள். தரை கெட்டால் பிடித்துக் கொள்ளுங்கள். மாடி மூலையில் ஒரு மணல் தட்டுக்கு மட்டும் இடம் கொடுங்கள். உங்கள் தரையும் பிழைக்கும், வாடகையும் நிற்காது.

தெருவில் விட்ட நாய்

"தெருவில் எத்தனையோ நாய் பிழைக்குது, இது பிழைக்காதா" என்று மனசைத் தேற்றிக் கொள்கிறார்கள். பிழைக்காது! தெரு நாய்க்கு அதன் தெரு தெரியும். லாரிக்கு ஒதுங்கத் தெரியும். மெத்தையில் படுத்த பொமரேனியனுக்கு என்ன தெரியும்? தெரு நாய்க் கூட்டம் தன் எல்லைக்குள் விடாது. அவற்றிடம் தப்பினால் கன்டெய்னர் லாரி இருக்கிறது.

தப்பித் தவறிப் பிழைத்தால் குட்டி போடும். அந்தக் குட்டிகள் தெரு நாய்க் கணக்கில் சேரும். 2025-ல் தெரு நாய் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் நாடே இரண்டு பட்டது. ஆகஸ்டு 11-ந் தேதி டெல்லி வட்டார நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்டு 22-ந் தேதி அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் போட்டு அதே இடத்தில் விடச் சொன்னது. வெறி பிடித்த நாய்க்கும், மூர்க்கமான நாய்க்கும் மட்டும் விலக்கு. நவம்பர் 7-ந் தேதி பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையங்களில் இருந்து நாய்களை அகற்றச் சொன்னது. தெரு நாயே வேண்டாம் என்று கோஷம் போட்டவர்களும் உண்டு, தெரு நாய்க்குச் சோறு வைத்தவர்களும் உண்டு. வீட்டில் இருந்து தெருவுக்கு இறக்கி விடுகிற ஆசாமியைப் பற்றி இரண்டு கட்சியும் அதிகம் பேசவில்லை. அவர் சந்தடி இல்லாமல் தப்பி விட்டார்.

ஆகவே நாய் வாங்க ஆசைப்படும் நண்பர்களே! போனஸ் வந்ததும் சந்தைக்கு ஓடாதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதியே இருக்கிறது. தாயிடம் இருந்து அதற்கு முன்னால் பிரித்த குட்டியையும், அசிங்கத்திலேயே படுக்க வைத்துக் கூண்டில் வளர்த்த குட்டியையும் வாங்காதீர்கள். படுக்கிற இடத்தை அசிங்கம் பண்ணாத சுபாவம் நாய்க்குப் பிறவியிலேயே உண்டு. அந்தக் கூண்டில் அது கெட்டுப் போயிருக்கும்.

வாங்கும் முன்னால் குட்டியின் விலையைக் கேட்பதற்கு முன், உங்கள் ஷிப்டு சார்ட்டை எடுத்துப் பாருங்கள். நாளைக்கு ஏழெட்டு தடவை, ஆறு மாசம், யார் கதவைத் திறந்து விடுவது? அந்தக் கட்டத்தில் எழுத ஒரு பேர் இருந்தால் வாங்குங்கள். பேர் இல்லை என்றால் கையை மடக்கிக் கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கி விட்டவர்கள் இன்றைக்கு ராத்திரியே சார்ட்டை ஒட்டுங்கள். கம்பைத் தூக்கிப் பரணில் போடுங்கள்.